விளையாடி ஒடிந்த கை

நீ இன்னும் பிறக்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. எனக்கே இப்போது பதினைந்து வயதுதான் ஆகிறது. ஆனாலும் உனக்கு இன்றைக்கே எழுதியாக வேண்டும் என்று தோன்றுகிறது. நேற்று மாலை கடற்கரையில் என் வாயிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது. வார்த்தை மட்டுமல்ல, குரலும், அந்தக் கடைசி எழுத்தை இழுத்துக் கத்துகிற விதமும் அவளுடையவை. கேட்டவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒருநாள் அம்மா ஆவேன் என்பதை அதுவரை நான் புத்தகத்தில் படிக்கிற விஷயமாகத்தான் நினைத்திருந்தேன். நேற்றோ அந்த அம்மா எனக்குள் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் முழுவதுமாக என்னை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் நான் உன்னிடம் பேசிவிட வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். என் தங்கை கோமளா, கோமு என்றுதான் கூப்பிடுவோம், கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். அவள் இடது உள்ளங்கையில் நேற்று விழுந்த சிராய்ப்பு இருக்கிறது. நேற்று இரவு சாப்பிடும்போது அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள், அம்மா கவனிக்கவில்லை. இன்று கவனிக்காமல் இருக்க மாட்டாள். பார்த்துவிட்டால் கோமு இனி வாசலைத் தாண்ட முடியாது. வாசலைத் தாண்டாவிட்டால் அவளுடைய இடது கை இப்போது மடங்கியிருக்கிறபடியே நின்றுவிடும். அதனால்தான் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வாசலில் எட்டிப் பார்க்கிறேன், திரும்பி வந்து அடுத்த வரியை எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது வாக்கியங்கள் தாவித் தாவிப் போவதாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

உன் சித்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த சித்தி பெரியவளாக இருப்பாள். நான் சொல்கிறவளுக்குப் பன்னிரண்டு வயது. கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் ஓடித்தான் போவாள். நடந்து போகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு ஏதோ உடம்பு சரியில்லாதவர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும். நான் அப்படி இல்லை. நான் படிக்கும் புத்தகத்தில் யாராவது ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். மற்றபடி நான் ஓடுவதில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அப்பா, "ஒண்ணுக்கு காலு, ஒண்ணுக்கு கண்ணு, ரெண்டையும் சேத்து தெச்சிருந்தா ஒரு முழுப் பொண்ணு கெடச்சிருக்கும்" என்பார்.

சென்ற வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கும் தேகப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபிறகு பள்ளிக்கூடத்தில் என்னென்னவோ மாறியது. எங்களுக்குப் பிடித்த மாற்றம் அது ஒன்றுதான். புதிதாக வந்த டீச்சர் மணல் பரப்பி, இரண்டு குச்சி நட்டு, குறுக்கே கயிறு கட்டி உயரம் தாண்டச் சொல்லிக்கொடுத்தார். அரைக்கால் சட்டை போட வேண்டும் என்று முதலில் சொன்னார். அம்மாக்கள் எல்லோரும் கூடிப் போய்ச் சண்டை போட்டார்கள். கடைசியில் பாவாடையே போதும், தூக்கிச் செருகிக்கொள்ளலாம் என்று முடிவானது. கோமுவுக்குப் பாவாடை ஒரு பொருட்டே இல்லை. கயிற்றை ஏற்ற ஏற்றத் தாண்டிக்கொண்டே போனாள். மற்ற பிள்ளைகள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு ஓடி வருவார்கள், அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதையோ பார்த்துக்கொண்டு ஓடி வருவாள்.

எங்கள் வீட்டில் பாவாடையை வளர்த்தித் தைப்பது வழக்கம். உன் காலத்தில் இருக்குமோ இல்லையோ. பிள்ளை வளரும் என்று துணியை நீளமாக எடுத்து, கீழே சுற்றிலும் டக் பிடித்துத் தைத்துவிடுவார்கள். கால் தெரிய ஆரம்பித்ததும் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் பாவாடை மறுபடி கணுக்காலுக்கு வந்துவிடும். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் போகாத புதுத் துணி ஒரு கோடாகத் தெரியும். கோமு வளர்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தாண்டுகிறாள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அவள் முழங்கால் எல்லோருக்கும் தெரியுமே என்று ஒரே கவலை. ஒருநாள் காலை கோமு தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது அம்மா பிளேடை எடுத்து, ஒரு டக் போதாது என்று இரண்டையும் பிரித்துவிட்டாள். பாவாடை தரையைத் தொட்டது. "வளந்துடுவா, சரியாப் பூடும்" என்றாள். அன்று மதியம் ஓடி வந்தபோது செருகியது அவிழ்ந்து, கோமு தன் பாவாடை ஓரத்தைத் தானே மிதித்தாள். கயிறுவரை அவள் வரவேயில்லை. மழை பெய்து இறுகிப்போயிருந்த மணலில் கையை ஊன்றி விழுந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை. இடது கையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, இது என் கை மாதிரியே இல்லக்கா" என்றாள்.

டீச்சர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், "பாவாடை கொஞ்சம் நீளமா இருந்துச்சும்மா. மணலையும் கிளறிப் போடல, அது எங்க தப்பு." அம்மாவின் காதில் இரண்டுமே விழவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "தாண்டினா, ஒடிஞ்சுது" என்று சொன்னாள். தெருவில், கடையில், கருவடிக்குப்பத்திலிருந்து பார்க்க வந்த மாமாவிடம். சொல்லச் சொல்ல அந்த இரண்டு வார்த்தையே நடந்த கதையாகிவிட்டது. பாவாடையையும் மணலையும் பற்றி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

எலும்பு கட்டுகிறவர் ஒருவர் வந்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். நல்ல மனிதர். கட்டும்போது கோமுவிடம் விடுகதை போட்டுக்கொண்டே இருந்தார். "சின்னப் புள்ள எலும்பு, சீக்கிரம் ஒட்டிக்கும். அமாவாச கழிச்சு இட்டுகினு வாங்க, பிரிச்சுடுவோம்" என்றார். அமாவாசை வந்தது, போனது. அம்மா போகவில்லை. "இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும், நல்லா இறுகட்டும்" என்றாள். பௌர்ணமியும் போனது. அப்பா ஒருமுறை கேட்டதற்கு, "உங்களுக்கு என்ன, விழுந்தா புடிக்கிறது நானு" என்றாள். கட்டு இருக்கும்வரை கோமு ஓட மாட்டாள், அதுதான் அம்மாவுக்கு நிம்மதி. இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். கடைசியில் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருந்தது, கை நீளவில்லை. முழங்கையில் மடங்கி அப்படியே நின்றது. கட்டியவரே உச்சுக்கொட்டி, "ஏம்மா இவ்ளோ நாளு வுட்டுட்டீங்க?" என்றார்.

அதன்பிறகு அம்மா காலையும் மாலையும் நல்லெண்ணெயைக் காய்ச்சி, கோமுவின் கையை மடியில் வைத்துத் தேய்த்து இழுப்பாள். கோமு கத்துவாள். அப்பா சுருட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். நான் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். இழுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய் அழுவாள். அம்மா இழுத்ததும் அழுததும் ஒரே காரணத்துக்காகத்தான். "கை வளஞ்ச பொண்ணு" என நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களே என்று அவளுக்குத் தினமும் பயம்.

பார்த்துப் பார்த்து அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "ஒப்பித்தாலுக்குப் போலாம்" என்றார். அப்பா அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. ஆஸ்பத்திரியை அவர் அப்படித்தான் சொல்வார். அங்கே ஒரு லேடி டாக்டர் கோமுவின் கையைத் தொடக்கூட இல்லை, முதலில் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன விளையாடுவ நீ?"

"எல்லாம்."

"இப்போ?"

கோமு அம்மாவைப் பார்த்தாள். டாக்டரும் அம்மாவைப் பார்த்தார். "யாரும்மா புடிச்சு இழுக்குறது?"

"நான்தான் டாக்டரம்மா. எண்ணெ போட்டுத்தான்..."

"இன்னியோட நிறுத்திடுங்க. இழுக்க இழுக்க உள்ள புண்ணாயி இன்னும் இறுகிக்கும். யாரும் தொட வேணாம். அவளே அசைக்கணும்."

அப்பா, "மருந்து எழுதலீங்களா, மதாம்?" என்றார்.

"விளையாட விடுங்க. அதான் மருந்து. இந்த வருஷத்துக்குள்ள நல்லா அசைய ஆரம்பிச்சுதுன்னா தப்பிச்சா. இல்லன்னா இப்படியே நின்னுடும்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடித்தானே டாக்டரம்மா ஒடிஞ்சுது! இன்னொரு தடவ விழுந்தா?"

"விழுவா. ஓடியாடுற பொண்ணுக்கு எப்படி விழணும்னு ஒடம்புக்குத் தெரியும். உக்கார வெச்சீங்கன்னா அதையும் மறந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணம் பரணுக்குப் போனது. அந்த மட்டில் அம்மா டாக்டர் பேச்சைக் கேட்டாள். மறுநாள் மாலை எங்களைக் கடற்கரைக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பக்கத்துலயே இரு. விளையாடலாம். ஆனா ஓடக்கூடாது, தாண்டக்கூடாது, ஏறக்கூடாது." அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அப்ப என்னதான் விளையாடறது?" என்றார். "உக்காந்துகினு விளையாடட்டும். பல்லாங்குழி இல்ல?" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து நான் காவல். கடற்கரைச் சுவரில் நானும் கோமுவும் உட்கார்ந்திருப்போம். புயலில் விழுந்த பழைய பாலத்தின் இரும்புக் கால்கள்மேல் அலை அடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்ததைப் படித்துக்கொண்டிருப்பேன். உடம்பைப் பற்றிய ஒரு புத்தகத்தில் முழங்கையின் படம் இருந்தது. மூன்று எலும்புகள் அங்கே வந்து சேர்கின்றன. படத்தைக் கோமுவிடம் காட்டி விளக்கினேன். "படிச்சா கை நீளுமாக்கா?" என்றாள். அவளோடு படிக்கும் சரசு ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தவள் நின்று, "என்ன கோமு, ஒங்கக்கா முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்களா?" என்று சிரித்தாள். கோமு விட்டுக்கொடுக்கவில்லை. "பொஸ்தவம் முடியட்டும், அவுத்து வுடுவா. ஆனா எங்கக்கா ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு எடுப்பா."

நேற்று நான் பக்கத்தைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது சுவரில் அவள் இல்லை. கீழே கல்லா மண்ணா விளையாட்டில் சேர்ந்திருந்தாள். கல்லின் மேல் நிற்பவரைப் பிடிக்கக்கூடாது, மணலில் இறங்கினால் பிடிக்கலாம். கோமு ஒரு கல்லிலிருந்து இறங்கி அடுத்த கல்லுக்கு ஓடிக்கொண்டிருந்தாள், இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இறக்கை ஒடிந்த கோழி மாதிரி. இருந்தாலும் வேகமாக ஓடினாள். அவள் முகத்தை இத்தனை மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் கத்தினேன். "கோமூ! ஓடாதடீ, விழுந்துடுவே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பியதால் கால் கல்லில் இடித்து, விழுந்தாள். நான் கத்தியிருக்காவிட்டால் அவள் அடுத்த கல்லின் மேல் நின்றிருப்பாள்.

சுவரிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கோமு எழுந்து மணலில் உட்கார்ந்திருந்தாள். சரசுவும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். "வலிக்குதாடி? கை வலிக்குதா?" என்று கேட்டேன். "கை வலிக்கல. நீ கத்தினதுதான் காதுல வலிக்குது. நீ கூப்பிட்டதாலதான் விழுந்தேன். அம்மா மாதிரியே கத்துற" என்றாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இடது உள்ளங்கை. தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "அக்கா, இது நீண்டுச்சுக்கா. தானா நீண்டுச்சு" என்று ரகசியம்போலச் சொன்னாள். நானும் பார்த்திருந்தேன். விழும்போது விலாவிலிருந்து அந்தக் கை முன்னால் பாய்ந்தது. "இப்ப நீட்டு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தாள். வரவில்லை.

இவ்வளவும் நேற்று நடந்தது. நான் உன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதிலிருந்துதான் வருகிறது. உன்னைப் பார்த்து நான் ஓடாதே, ஏறாதே என்று சொல்வேன். இப்போதே தெரிகிறது, சொல்வேன். அதைக் கேட்டு நீ நின்றுவிட்டால் எனக்கு மனது குளிரும், உனக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்க மாட்டேன். நீ யோசி. எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் அதற்கு அர்த்தம் எனக்குப் பயமாக இருக்கிறது என்பது மட்டும்தான். அங்கே ஆபத்து இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார். மணலைக் காலால் கிளறிப் பார், இறுகியிருந்தால் மண்வெட்டி கேள். எதை உடுத்தியிருந்தாலும் ஓடுவதற்கு முன் இழுத்துச் செருகு. உனக்கும் பிள்ளை பிறந்து அது ஓடினால், பின்னாலிருந்து கூப்பிடாதே. விழுந்துவிட்டால் கதையை இரண்டு வார்த்தையாகச் சுருக்காதே. எதனால் விழுந்தது என்று கடைசிவரை கேள். எங்கள் வீட்டில் கேட்டிருந்தால்

அம்மா வந்துவிட்டாள்.

மறுபடி எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும். நடந்ததை அப்படியே சொல்கிறேன். கோமு ஓடிப்போய்ப் பையை வலது கையில் வாங்கினாள். அம்மா செருப்பைக் கழற்றவில்லை, "அந்தக் கைய ஏண்டி பின்னால வெச்சிருக்க?" என்றாள். அவ்வளவுதான். உள்ளங்கையைப் பார்த்ததும் அவள் முகம் சென்ற வருடத்து முகமாகிவிட்டது. "எங்க விழுந்த? எப்ப? நீ எங்கடி பாத்துகினு இருந்த?" கடைசிக் கேள்வி எனக்கு.

"நான் கத்தினேம்மா. அதாலதான் விழுந்தா."

"போதும். இனிமே யாரும் வெளிய போவ வேணாம். கை வளஞ்சே இருந்தாலும் சரி, இன்னொரு தடவ ஒடியாம இருந்தா போதும் எனக்கு."

கோமு அழவில்லை. அழுதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். சுவரோரமாகப் போய், காவலில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அம்மா, சிராய்ப்பு எந்தக் கையில இருக்குது?" என்றேன்.

"எனக்கு என்ன கண்ணு இல்லியா?"

"மடங்கியே இருந்திருந்தா உள்ளங்கை எப்படிம்மா தரையில படும்? முழங்கை பட்டிருக்கும். இல்லன்னா மூஞ்சி பட்டிருக்கும். கை நீண்டுதான் அவள தாங்கியிருக்குது."

அம்மா கோமுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "நீட்டு பாக்கலாம்." கோமு முயற்சி செய்தாள். நேற்றைப் போலவேதான், பாதியில் நின்றது. அம்மாவின் கை அந்த முழங்கைக்குப் போனது. இழுக்கப் போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தொட்டாள், விட்டுவிட்டாள். எழுந்து போய்ப் பையைக் கவிழ்த்துக் காய்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். கத்தரிக்காய் ஒரு பக்கம், வெண்டைக்காய் ஒரு பக்கம். ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சம்பழங்கள் மடியில். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கோமுவின் இடப்பக்கம் வீசினாள்.

கை பாய்ந்தது. பழத்தைப் பிடிக்கவில்லை, விரல் நுனியில் பட்டு, உருண்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் கை பாய்ந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். முழுதாக இல்லை, கொஞ்சம் மடிப்பு இருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். இந்த முறை கோமுவுக்குத் தெரியும், அதனால் கை தாமதமாக வந்தது. அம்மா அதையும் கவனித்துவிட்டாள். அடுத்ததை வீசுவதுபோல் பாவனை செய்து வீசாமல், கோமு சிரித்தபோது வீசினாள்.

அப்பா உள்ளே வந்து கூடத்தில் உருளும் பழங்களைப் பார்த்தார். "ஊறுகா போட வாங்கினியா, எறிய வாங்கினியா?"

"நீங்க ஒதுங்குங்க" என்றாள் அம்மா. "வலிக்குதாடி?"

"இல்லம்மா. மேல போடு. இன்னும் மேல."

அம்மா மேலே போட்டாள். கோமு எம்பிக் குதித்தாள், அந்தரத்தில் இரண்டு கால்களும் இருந்தன, இடது கை மேலே போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் வாய் திறந்தது. என்ன வார்த்தை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்; நேற்று அது என் வாயிலிருந்தே வந்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கழுத்து நரம்பில் பார்த்தேன். கோமு பிடிக்காமல் தரையில் இறங்கினாள், கொஞ்சம் தடுமாறினாள், நின்றாள்.

இதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நான் இங்கே ஓடி வந்தேன். ஆமாம், ஓடித்தான் வந்தேன். கை குணமாகிவிடுமா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அம்மா கடற்கரைக்கு விடுவாளா என்பதும் தெரியாது. எலுமிச்சம்பழம் வேறு, கல்லும் அலையும் வேறு. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும், உன் சித்தியின் கையை நீ பார்த்திருப்பாய். எனக்கு இப்போது தெரிந்தது, கூடத்தில் இன்னும் ஏதோ விழுந்துகொண்டே இருக்கிறது என்பது மட்டும்தான். கத்தரிக்காயாக இருக்கும், சத்தம் கனமாகக் கேட்கிறது. அம்மா கூப்பிடுகிறாள். "அங்க என்னடி கிறுக்கிகினு இருக்க? இந்தப் பக்கம் வந்து நில்லு. போறதப் புடிச்சுப் போட ஒரு ஆளு வேணும்."

எனக்குப் பிடிக்கத் தெரியாது. போகிறேன்.